சின்ன மாமா அனுப்பிய விமானம்

இத்தாலியின் பலேர்மோவில் செத்தவர்கள் பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கொண்டுவருவார்கள். நான் கதை விடவில்லை. நவம்பர் இரண்டாம் நாள் விடிந்ததும் அந்த ஊர்ப் பிள்ளைகள் கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள்ளே, திரைச்சீலைக்குப் பின்னாலே என்று வீட்டைப் புரட்டி எடுப்பார்கள். எங்காவது ஒரு பொம்மையோ காரோ ஒளிந்திருக்கும். பக்கத்தில் சீனிப்பாகில் வார்த்த பாவைப்பிள்ளையும், பாதாம் மாவில் செய்து சாயம் பூசிய பழங்களும் இருக்கும். யார் தந்தது என்று கேட்டால், போன வருடம் செத்த தாத்தா, அதற்கு முந்திச் செத்த பெரியம்மா என்று பெருமையாகச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்பில் என்னைத் தவிர எல்லோருக்கும் கைகொடுக்கிற செத்தவர்கள் இருந்தார்கள்.

எங்கள் வீட்டில் வழக்கம் நேரெதிர். செத்தவர்களுக்கு நாங்கள்தான் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டுச் செத்தவர் சின்ன மாமா, அம்மாவின் ஒரே தம்பி. சாமிப் படங்களுக்குப் பக்கத்தில், அரும்பு மீசையோடு, சிரிக்க வேண்டாம் என்று சொல்லியும் சிரித்துவிட்டவர் போல ஒரு சட்டத்துக்குள் இருந்தார். அவர் பொம்பர் அடித்துச் செத்தவர். குண்டு போடுகிற விமானத்துக்கு யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் பெயர். எனக்கு ஊர் நினைவில்லை. நடக்கப் பழகுகிற வயதில் அம்மாவின் இடுப்பில் இருந்தபடி இத்தாலிக்கு வந்தவள். ஆகவே பொம்பர் என்றால் வீட்டளவு பெரிதாக, கன்னங்கரேலென்று, மேகத்தை இடித்துக்கொண்டு வரும் என்று நானாகவே ஒரு உருவம் செய்து வைத்திருந்தேன்.

திவசத்துக்கு அம்மா வடை, பாயாசம் என்று எல்லாம் செய்து படைத்து, ஒரு பிடி சோற்றைப் பால்கனியில் கொண்டுபோய் வைப்பார். நாங்கள் இருந்த சீசாப் பகுதியில் மாடிவீடுகளும் பஸ் புகையும்தான், காகத்துக்கு எங்கே போவது? புறாக்கள் வந்து கொத்திவிட்டுப் போகும். அப்பா யன்னலால் எட்டிப் பார்த்து, "உம்மடை தம்பி இத்தாலிக்காரனாப் போனான் போலை" என்று பகிடி விடுவார். அம்மா முறைப்பார், ஆனால் புறாவைத் துரத்த மாட்டார்.

இந்த இரண்டு வழக்கங்களில் எனக்குப் பிடித்தது பலேர்மோ வழக்கம்தான். ஒரே ஒரு சிக்கல் இருந்தது. குழப்படிப் பிள்ளைகளின் உள்ளங்காலைச் செத்தவர்கள் துருவியில் தேய்த்துவிடுவார்கள் என்று அங்கே சொல்வார்கள். அதற்குப் பயந்து முதல்நாளே பாற்கட்டி துருவுகிற துருவியை வீட்டில் ஒளித்து வைப்பார்கள். எங்கள் வீட்டில் பாற்கட்டித் துருவி ஏது? ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த தேங்காய்த் திருவலைதான் இருந்தது. அதன் பல்லைப் பார்த்தாலே கால் கூசும். ஒரு வருடம் அதைத் தூக்கிக்கொண்டுபோய் உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். விடிந்ததும் வீடு முழுக்கத் தேடினேன். எனக்கு விளையாட்டுச் சாமான் கிடைக்கவில்லை. அம்மாவுக்குத் திருவலை கிடைக்கவில்லை. சம்பல் இல்லாமல் வெறும் பாணைத் தின்ற அப்பாவுக்குக் கோபம். அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, முகமும் மாறியது.

"செத்தவையை விளையாட்டுக்கு இழுக்கக் கூடாது பிள்ளை," என்று மட்டும் சொன்னார்.

அதோடு அந்த ஆசையை விட்டிருப்பேன். விடாமல் போனதற்குக் காரணம் கேணல்.

கேணல், அம்மா வேலை செய்த வீட்டின் சொந்தக்காரர். இத்தாலியர்கள் கொலொனெல்லோ என்பார்கள். எங்கள் வாய்க்குக் கேணல்தான் இதமாக இருந்தது. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், மரக்கதவு போட்ட லிஃப்ட் உள்ள பழைய கட்டடத்தில் மூன்றாம் மாடி. மனைவி செத்துப்போக, மகன் வடக்கே போய்விட, அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். அம்மா காலையில் போய்க் கூட்டித் துடைத்து, சமைத்து, உடுப்பு மினுக்கிவிட்டுப் பின்னேரம் திரும்புவார். பள்ளிக்கூடம் விட்டதும் என்னையும் கூட்டிக்கொண்டு போய் அங்கேயே வைத்திருப்பார்.

எங்கள் மூன்று பேரையும் இத்தாலியில் வைத்திருந்தது அந்த வீட்டு வேலைதான். அப்பா துறைமுகத்தில் நேப்பிள்ஸ் கப்பல்களின் அறைகளைத் துப்பரவு செய்தார். அந்த வேலைக்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. அம்மாவுக்கோ கேணல் முறைப்படி கொன்ராத்தோ, அதாவது வேலை ஒப்பந்தம், எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோரில் காட்டினால்தான் பெர்மெஸ்ஸோவை, அதாவது நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிப்பார்கள். பெர்மெஸ்ஸோ இல்லையென்றால் பலேர்மோவும் இல்லை, என் பள்ளிக்கூடமும் இல்லை. கேணலுக்கு ஒரு தும்மல் வந்தது என்று அம்மா சொன்னாலே அப்பா பதறிப்போவார். "மனுசனுக்கு உப்பைக் குறைச்சுப் போடுமப்பா, பிறஷர் ஏறப்போகுது" என்பார். அவர் கேணலின் சுகத்துக்காகச் செய்த நேர்த்திகளைக் கேணலின் சொந்த மகன்கூடச் செய்திருக்க மாட்டான்.

கேணல் இத்தாலி விமானப்படையில் சோதனை விமானியாக இருந்தவர். இந்த வேலையைப் பற்றி எனக்கு அவர் சொன்ன விதத்தில்தான் இன்றும் என்னால் சொல்ல முடியும். தொழிற்சாலையிலிருந்து புது மாதிரி விமானம் ஒன்று வரும். அதை இன்னும் ஒருவரும் சரியாக ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அது எந்த இடத்தில் சொல்வழி கேட்கும், எந்த இடத்தில் முரண்டு பிடிக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. கேணல் அதில் ஏறி, மற்ற விமானிகள் செய்யவே கூடாத வேலையெல்லாம் வேண்டுமென்றே செய்வார். உயரத்தில் வைத்து எஞ்சினை அணைப்பார். மூச்சுத் திணறித் தொப்பென்று விழுமட்டும் மூக்கைத் தூக்குவார். பம்பரமாகச் சுழன்று விழ விடுவார். பிறகு அதைத் திருப்பி நிமிர்த்துவார். கீழே வந்து, அது என்ன செய்தது என்பதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். எஞ்சினியர்மார் திருத்துவார்கள். மறுபடியும் ஏறுவார். கடைசியில் அவர் சரி என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் அதில் கை வைக்கலாம்.

"எனக்குப் பிறகு ஏறுகிற பையன் சாகக்கூடாது, அவ்வளவுதான் என் வேலை," என்பார்.

சில சிநேகிதர்கள் ஏறிப்போய்த் திரும்பி வரவில்லையாம். அவர் அப்படி ஏறுகிற நாட்களில் அவருடைய சிஞ்ஞோரா, அதாவது மனைவி, அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்தில் நிற்பாராம். இறங்கிவிட்டேன் என்று அவர் பேசிய பிறகுதான் பாஸ்தாவைத் தண்ணீருக்குள் போடுவாராம். தண்ணீர் வற்றி வற்றி மறுபடியும் ஊற்றிய நாட்களும் உண்டு என்று சொல்லிச் சிரிப்பார். எஞ்சின் சத்தத்தில் அவருக்கு இடது காது போய்விட்டது. வலது காதுக்குள் கத்த வேண்டும். அம்மாவுக்குச் சமையலறை இத்தாலியன்தான் வரும், அதையும் மெல்லத்தான் பேசுவார். எனக்கோ சீசாப் பொடியன்களோடு விளையாடிப் பழகிய இத்தாலியன், தொண்டையும் பெரிது. ஆகவே அந்த வீட்டில் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

என்னையும் அவர் சோதனை விமானி ஆக்கினார். கடதாசியில் விமானம் மடித்து மூன்றாம் மாடிப் பால்கனியிலிருந்து விடுவோம். ஒரு முறைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம், இல்லையென்றால் எதனால் விழுந்தது என்று தெரியாது என்பது சட்டம். விழுந்த பிறகு நான் நிமிர்ந்து நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். "நல்லாப் பறந்தது" என்று சொன்னால் ஏற்க மாட்டார். எந்தப் பக்கம் சாய்ந்தது, மூக்கு மேலேயா கீழேயா, யார் தலையில் விழுந்தது, எல்லாம் வேண்டும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அம்மா அவித்த புட்டை ஒரு வாய் வைத்துவிட்டு, "மா கொஞ்சம் ஈரம், தேங்காய்ப்பூ ஒரு பக்கமா நிக்குது, மற்றபடி பறக்கும்" என்பேன். அப்பா, "வந்திட்டா கேணலின்ரை பேத்தி" என்று தலையில் ஒரு குட்டு வைப்பார். பெரியவளானால் நானும் சோதனை விமானிதான் என்று அறிவித்தபோது அப்பா சிரித்தார். அம்மா, "கண்டறியாத வேலை. நீ படிச்சு டொக்டரா வா," என்றார். அந்த வெட்டு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

கேணலின் வரவேற்பறையில் ஒரு கண்ணாடி அலுமாரி. அவர் ஓட்டிப் பார்த்த விமானங்களெல்லாம் சிறிய உருவில் அதற்குள் நின்றன. பெரும்பாலும் ஜெட், கூர்மூக்கு, சாம்பல் நிறம். ஒன்று மட்டும் சின்னது. வெள்ளை உடம்பு, செம்மஞ்சள் வரி, மூக்கில் காற்றாடி, இறக்கைகளின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு போத்தல் மாதிரி எண்ணெய்த் தாங்கி. மற்றதெல்லாம் சண்டைக்காரர்கள் போல நிற்க, இது மட்டும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை மாதிரி நின்றது. உண்மையிலும் அது விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்காகச் செய்ததாம். கேணலுக்கு அதில்தான் உயிர். அதை முன்வரிசையில், நடுவில் வைத்திருந்தார்.

அம்மாவுக்கு அது நடுவில் நிற்பது பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அலுமாரியைத் திறந்து தூசு தட்டுவார். எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து எடுத்த இடத்தில் வைப்பார். இதை மட்டும் ஒரு துணியால் பிடித்துத் தூக்கி, பெரிய ஜெட் ஒன்றுக்குப் பின்னால், கண்ணில் படாமல் தள்ளிவிடுவார். திங்கட்கிழமை நாங்கள் போகும்போது அது முன்வரிசைக்கு வந்திருக்கும். வெள்ளிக்கிழமை திரும்பவும் பின்னாலே. அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை, கேணலும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"ஏனம்மா அதை மட்டும் பின்னாலை வைக்கிறியள்?"

"தூசு பிடிக்கும்," என்றார் அம்மா.

மற்றதற்கெல்லாம் தூசு பிடிக்காதா என்று கேட்க நினைத்தேன். அம்மாவின் முகம் கேட்க விடவில்லை.

அந்த வருடம் ஒக்டோபர் முடிகிற நாட்களில் கடைகளில் சீனிப் பாவைகள் வரிசை கட்டிவிட்டன. உன்னுடைய செத்தவர்கள் போன வருடம் என்ன கொண்டுவந்தார்கள் என்று கேணல் கேட்டார். எங்கள் ஆட்களுக்குப் பலேர்மோவுக்கு வழி தெரியாது என்றேன். யார் உங்கள் ஆட்கள் என்று கேட்டார். சின்ன மாமா என்றேன். எப்படிச் செத்தார்? யுத்தத்தில். வலது காதுக்குள் கத்தித்தான் இதையெல்லாம் சொன்னேன். அடுப்படியில் எதையோ வதக்கிக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. கேணல், செத்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டும் தேவையில்லை பெர்மெஸ்ஸோவும் தேவையில்லை, வர வேண்டிய இடத்துக்கு வருவார்கள் என்றார். பெரிய ஒரு மனுஷன், அதுவும் கேணல், சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா?

செத்தவர்கள் நாளன்று ஊரே விடுமுறை. ஆனாலும் அம்மா கேணலுக்கு மத்தியானம் சமைத்துக் கொடுக்கப் போனார். நானும் போனேன். கேணல் கறுப்புக் கோட்டு போட்டு, செவ்வந்திப் பூக்களோடு சிஞ்ஞோராவின் கல்லறைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கதவடியில் குனிந்து, இரவு இந்த வீட்டுக்குள் யாரோ வந்துபோன சத்தம் கேட்டது, தேடிப் பார், ஆனால் கிடைப்பதை இங்கே பிரிக்காதே, உங்கள் வீட்டில் மாமாவின் படத்துக்கு முன்னால் வைத்துப் பிரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தது. நீலக் கடதாசி சுற்றிய பெட்டி. மேலே ஒரு சீனிப் பாவையும், பாதாம் மாவில் செய்த அத்திப்பழமும். ஐயோ, எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! சின்ன மாமாவுக்கு வழி தெரிந்துவிட்டது. நான் அம்மாவின் இடுப்பில் இருந்த காலத்தில் பார்த்த என்னை இவ்வளவு தூரம் தேடி வந்திருக்கிறார். பெட்டியை என் பைக்குள் வைத்துக்கொண்டு, வழி நெடுக ஒன்றும் சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டு வந்தது நான் வாழ்க்கையில் செய்த பெரிய தவம்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டுச் சாமிப் படங்களுக்கு முன்னால் நிற்க வைத்தேன். "சின்ன மாமா எனக்கு அனுப்பினவர்" என்று சொல்லிக் கடதாசியைக் கிழித்தேன். உள்ளே வெள்ளை உடம்பும் செம்மஞ்சள் வரியும். கேணலின் சின்ன விமானம். அவருக்கு உயிரான விமானம். அதைத் தூக்கி, காற்றாடியைச் சுண்டிவிட்டு, சின்ன மாமாவின் படத்துக்கு மேலாக, வாயால் சத்தம் போட்டுக்கொண்டு, ஒரு வட்டம் ஓட்டினேன்.

அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். விழவில்லை, அப்படியே குந்திவிட்டார். இரண்டு கையும் தலையைப் பொத்தியிருந்தன. அப்பா என் கையிலிருந்து விமானத்தைப் பறித்தார்.

என்னை அடுத்த அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கதவு ஒரு நாளும் ஒழுங்காகச் சாத்துப்பட்டதில்லை.

"தம்பியை அடிச்சது இதுதானப்பா," என்று அம்மா சொல்வது கேட்டது. "எனக்குத் தெரியாதே? மண்ணெண்ணெய் வாங்கப் போனவன். ஒழுங்கைக்கு மேலாலை சுத்திச் சுத்தி வந்தது. இறக்கையிலை இந்தப் போத்தல் ரெண்டும் வெயிலுக்கு மினுங்கினது. சைக்கிளைப் போட்டிட்டு ஓடினவனுக்குப் பின்னாலை திரும்பவும் வந்தது. நான் மதிலோடை நிண்டு பாத்தனான். இவ்வளவு காலமும் அந்த வீட்டிலை அதைத் துடைச்சுத் துடைச்சு வைக்கிறன்."

"அது அவைக்கு ஓடிப் பழகிற பிளேனப்பா. எங்கடை ஊரிலை குண்டைக் கட்டினதுக்கு அந்த மனுசன் என்ன செய்யும்?" என்றார் அப்பா.

"நான் ஆரையும் பிழை சொல்லேல்லை. என்ரை வீட்டிலை இது கிடக்கேலாது. நாளைக்குக் கொண்டுபோய்க் குடுக்கப்போறன்."

"இஞ்சரும், விசர்க்கதை கதையாதையும். இந்த மாசம் பெர்மெஸ்ஸோ புதுக்க வேணும். ஆசையாத் தந்த சாமானைத் திருப்பிக் குடுத்து அந்தாள் கோவிச்சுதெண்டால்? கையெழுத்து வைக்காட்டி மூண்டு பேரும் எங்கை போறது? வேணுமெண்டால் நான் துறைமுகத்திலை கொண்டுபோய்க் கடலுக்குள்ளை போட்டிட்டு வாறன். பேசாமல் இரும்."

"கடலுக்குள்ளை போட வேண்டாம். அவர் பாத்து விட்ட சாமான், அவரிட்டையே போகட்டும். நான் சண்டை பிடிக்கேல்லை, பயப்பிடாதேங்கோ."

கதவின் இந்தப் பக்கம் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அதனால்தான் அம்மா பிழைவிட்டுவிட்டார் என்று அவ்வளவு உறுதியாகத் தெரிந்தது. பொம்பர் பெரியது, கறுப்பு. இது சின்னது, வெள்ளை. அதைவிட, இது கேணல் சோதித்த விமானம். ஒரு பையனும் சாகக்கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்த விமானம் எப்படி ஒருவரைச் சாகடிக்கும்? மாமா சைக்கிளில் போகும்போது இந்த விமானம் மேலே சுற்றியிருக்கலாம். அடித்தது வேறு ஏதோ. பதற்றத்தில் அம்மா மாறிப் பார்த்துவிட்டார். எனக்கு அம்மாவில் கோபம் கோபமாக வந்தது. என் விமானம் போகப்போகிறது என்று அழுதழுதே தூங்கினேன்.

அடுத்த நாள் பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா என்னையும் பெட்டியையும் ஒன்றாகக் கொண்டுபோனார். கேணல் வரவேற்பறையில் கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தார். துணி பிடிக்கவில்லை, வெறும் கையால் எடுத்தார். அவருக்கு முன்னால் மேசையில் வைத்தார். கேணல் என்னைப் பார்த்து, பிடிக்கவில்லையா என்று கேட்டார். எனக்குக் கண்ணீர் முட்டியது.

"பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு," என்றார் அம்மா. "இதை முதல் முதல் ஓட்டிப் பாத்தது இவரோ எண்டு கேள்."

கேட்டேன். கேணலின் முகம் மலர்ந்ததை நான் மறக்கவில்லை. இவ்வளவு காலத்தில் அம்மா அவருடைய வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. விமானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்கினார். முதலாவதாக ஓட்டியவர்களில் தானும் ஒருவர் என்றார். இதைப் போல் ஒரு விமானம் இல்லை. எவ்வளவு முட்டாள்தனம் செய்தாலும் மன்னிக்கும். சுழன்று விழும்போது கையை எடுத்துவிட்டால் போதும், தானாகவே நிமிரும். அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து, இனி இதில் யாரும் ஏறலாம் என்று கையெழுத்து வைத்தது நான் என்றார். கையால் சுழற்றிக் காட்டினார், விழுத்திக் காட்டினார், நிமிர்த்திக் காட்டினார். நான் ஒன்றையும் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா முந்தானை நுனியைப் பிடித்தபடி முழுவதையும் நின்று கேட்டார்.

"சொல்லு," என்றார் கடைசியில். "நல்லாத்தான் பாத்து விட்டிருக்கிறார். அது எங்கடை ஊருக்கும் வந்தது. வந்த ஒரு நாளும் பிழைவிடேல்லை. ஒருக்காலும் விழேல்லை எண்டு சொல்லு."

எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்பா பயந்ததென்ன, அம்மா சொல்வதென்ன! அவருடைய வலது காதுக்குள், லிஃப்ட் வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன். கேணல் தொடையில் தட்டிச் சிரித்தார். அவ்வளவு தூரம் போனதா, எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். அம்மா முந்தானை நுனியை முறுக்கினார். மொழிபெயர்ப்பாளர் சும்மா நிற்கலாமா? எனக்குத் தெரிந்ததை நானே சொன்னேன். எங்கள் ஒழுங்கைக்கு மேலே வந்தது என்றேன். சின்ன மாமா சைக்கிளில் மண்ணெண்ணெய் வாங்கப் போகும்போது அவருக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்தது, இறக்கையின் போத்தல்கள் மினுங்கின, அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார், அது திரும்பவும் வந்தது, அம்மா மதிலோடு நின்று பார்த்தவர் என்றேன். அடித்தது என்ற பகுதியைச் சொல்லவில்லை. அது அம்மாவின் பிழையான கணிப்பு அல்லவா? நடந்ததை மட்டுமே சொல்ல வேண்டும் என்று கேணல்தானே பழக்கியவர்.

கேணலின் சிரிப்பு நின்றுவிட்டது. யுத்தத்தில் செத்த மாமாவா என்று கேட்டார். முதன்முறையாக அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்குச் சின்னதாக இருந்தது.

ஓம், அவரேதான், அவர்தானே இதை எனக்கு அனுப்பியவர் என்றேன்.

கேணல் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் அவரைப் பார்த்தார். அந்த வீட்டில் அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன். அவர் பெருவிரல் இறக்கை நுனியில் இருந்தது. விமானத்தை மெல்ல மேசையில் வைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மா, "யன்னல் துடைக்கக் கிடக்கு," என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனார். அதை மொழிபெயர்க்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கிழமை அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தாள் என்ன சொன்னது, முகம் எப்படி இருந்தது என்று வந்தவுடன் கேட்பார். அம்மா, "ஒண்டும் சொல்லேல்லை" என்பார். ஒன்றும் சொல்லாததுதான் அப்பாவுக்கு ஆகப் பெரிய பயம். ஆனால் கொன்ராத்தோவில் கேணல் வழக்கம் போலக் கையெழுத்து வைத்தார். குவெஸ்தூராவில் பெர்மெஸ்ஸோவும் கிடைத்தது. "நான் அப்பவே சொன்னனான், தங்கமான மனுசன்," என்று அப்பா சொல்ல, அம்மா கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

எனக்கு விமானம் திரும்பக் கிடைக்கவில்லை. அலுமாரியின் முன்வரிசையிலும் இல்லை, பின்னாலும் இல்லை. எங்கே என்று கேட்க அம்மா விடவில்லை. கன நாட்கள் அம்மாவோடும் கேணலோடும் முகம் கொடுத்துக் கதைக்காமல் திரிந்தேன். அவர்கள் இருவரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கடைசியில் கடதாசி விமானம் விடுகிற ஆசையில் நானாகவே சமாதானமாகிவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒன்று மாறியது. முந்தி அம்மா தும்புத்தடியோடு வரவேற்பறைக்குள் வந்தால் கேணல் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், கூட்டுவதற்கு வசதியாகக் காலை மட்டும் தூக்கிக் கொடுப்பார். இப்போது அம்மா வாசலில் தெரிந்ததும் எழும்பி நின்றார். கோப்பி கொண்டுவந்தாலும் எழும்பினார், வாளியோடு வந்தாலும் எழும்பினார். அம்மா வேலை முடித்து வெளியே போகும்வரை இருக்கவே மாட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் எழும்புவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. வயது போன மனுஷன், பழைய கதிரை, உள்ளே கம்பி ஏதாவது குத்துகிறதாக்கும் என்று நினைத்தேன். கதிரைக்கு ஒரு மெத்தை தைத்துத் தரச் சொல்லி அம்மாவை நச்சரித்தேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தன் பழைய சேலை ஒன்றை வெட்டி, பஞ்சடைத்து, நல்ல வடிவாகத் தைத்துத் தந்தார். நானே கொண்டுபோய் அந்தக் கதிரையில் போட்டேன். கேணல் என் கன்னத்தைத் தட்டிவிட்டு அதில் இருந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா வாளியோடு உள்ளே வந்தார். அவர் திரும்பவும் எழும்பி நின்றார்.

பஞ்சு போதவில்லை என்றுதான் நான் நினைத்தேன்.